சிம்பன்சிக்கும் ‘ஏ’ வகை உண்டா? – வாசகர் கேள்வி பதில்

ரத்த தானம் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில், நான் சற்றும் எதிர்பாராத வகையில், குரங்குகளைப் பற்றிய கேள்விகளே மிகுதியாக இருந்தன. ஒன்றோடொன்று தொடர்புள்ள சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

வேளச்சேரி வாசகர்: வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிம்பன்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, “இதற்கும் என்னைப் போல ஏ பாசிட்டிவ் ரத்தம்தானா அப்பா?” என்று என் மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மனிதர்களுக்கு இருக்கும் ரத்த வகைகள் குரங்குகளுக்கும் உண்டா?

உண்டு. உங்கள் மகள் ஏ வகை என்றால், சிம்பன்சிகளில் மிகப் பெரும்பாலானவற்றோடு எழுத்தளவில் அவள் ஒத்துப்போகிறாள். சிம்பன்சிகளில் ஏ வகையே பெரும்பான்மை. சிறுபான்மையாக ஓ வகை உண்டு. பி வகை காணப்படவில்லை. கொரில்லாக்களின் நிலை இதற்கு நேர்மாறானது: அவற்றிடம் காணப்படுவது பி வகை. ஒராங்குட்டான்களிலும், கிப்பன் என்னும் சிறிய வாலில்லாக் குரங்குகளிலும் ஏ, பி, ஏபி ஆகிய மூன்றும் உண்டு. ஏ, பி, ஏபி, ஓ என்னும் நான்கும் ஏராளமாகக் கலந்து கிடப்பது மனிதரிடம்தான்.

இந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நமது சிவப்பணுக்களின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன குறுஞ்சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் அடிப்படை வடிவத்துக்கு ஹெச் என்று பெயர். அந்த முனையில் ஒரு நொதி ஒருவகைச் சர்க்கரையைச் சேர்த்தால் அது ஏ. வேறொரு நொதி காலக்டோஸ் என்னும் சர்க்கரையைச் சேர்த்தால் அது பி. இரண்டு நொதிகளும் இருந்தால் ஏபி. எதையும் சேர்க்காமல் ஹெச் அப்படியே நின்றுவிட்டால் ஓ. ஏ நொதியும் பி நொதியும் 9ஆம் குரோமோசோமில் உள்ள ஒரே மரபணுவின் இரு வடிவங்களிலிருந்து உருவாகின்றன. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த அந்த நொதிகளுக்கு இடையே வேறுபடுபவை நான்கே நான்கு. அவற்றிலும் எந்தச் சர்க்கரையைச் சேர்ப்பது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை 266, 268 ஆகிய இரண்டு இடங்களில் இருப்பவை. கொரில்லாவின் பி நொதியிலும் மனிதரின் பி நொதியிலும் அவ்விரண்டு இடங்களில் அதே அமினோ அமிலங்கள்தாம் அமர்ந்திருக்கின்றன.

மனித ரத்தத்தில் வகைகள் உண்டு என்று 1901இல் வியன்னாவில் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னரே, பின்னர் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, பிலிப் மில்லருடன் சேர்ந்து 1925இல் குரங்கினங்களின் ரத்தத்தையும் ஆராய்ந்தார். வாலில்லாக் குரங்குகளின் ஏ, பி பண்புகள் மனிதருடையவற்றிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒத்திருப்பதை அவர்கள் கண்டனர். அதே ஆண்டில், தக்க முறையில் தயாரித்த சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) கொண்டு சிம்பன்சியின் ரத்தத்தையும் மனித ரத்தத்தையும் வேறுபடுத்திக் காட்டவும் செய்தனர். இந்த இரண்டாவது முடிவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் ஒரு கேள்விக்கு அது தேவைப்படும்.

இத்தனை இனங்களில் ஒரே எழுத்துகள் எப்படி வந்தன என்பது நெடுங்காலம் விவாதத்தில் இருந்தது. ஒவ்வோர் இனத்திலும் அதே மாற்றம் தனித்தனியே நேர்ந்திருக்கலாம் என்பது ஒரு தரப்பு. பொது மூதாதையிடமே இரு வடிவங்களும் இருந்து, வழிவழியாகக் கைமாறி வந்திருக்கின்றன என்பது மறுதரப்பு. 2012இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரை, பல குரங்கினங்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டு, இரண்டாவது விளக்கத்துக்கே வலுச் சேர்த்தது. மனிதரிடமும் கிப்பனிடமும் உள்ள ஏ-பி வேறுபாடு ஒரே மூலத்திலிருந்து வந்தது என்றும், அது குறைந்தது 2 கோடி ஆண்டுகள் பழையது என்றும் அந்த ஆய்வு கூறுகிறது. மனிதன் என்ற இனம் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே ஏயும் பியும் பிரிந்துவிட்டன என்பது இதன் பொருள். ஆகவே ஒரே வீட்டில் அக்காளுக்கு ஏ வகையும் தம்பிக்கு பி வகையும் இருந்தால், அந்த மரபணுவின் அந்தச் சிறு பகுதியைப் பொறுத்தவரை, அக்காளின் ஏ வடிவம் தம்பியின் பி வடிவத்தைவிட ஏதோ ஒரு கிப்பனின் ஏ வடிவத்துக்கே நெருங்கிய உறவு. உங்கள் மகளிடம் இதைச் சொன்னால் அவள் நம்பப் போவதில்லை. ஆனால் அது உண்மை.

இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஏ வகையினர் சிம்பன்சியிடமிருந்தும் பி வகையினர் கொரில்லாவிடமிருந்தும் வந்தவர்கள் என்று யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம். பொது மூதாதையிடம் இரண்டும் இருந்தன. சிம்பன்சியின் கிளை பியை இழந்தது, கொரில்லாவின் கிளை ஏயை இழந்தது, மனிதக் கிளை இரண்டையும் தக்கவைத்துக்கொண்டது. பாசிட்டிவ் பற்றிய பாதிக்கான விடை அடுத்த பதிலில் இருக்கிறது.

பெரம்பூர் வாசகர்: ஆர்ஹெச் என்பது ரீசஸ் குரங்கின் பெயரிலிருந்து வந்தது என்றும், பாசிட்டிவ் உள்ளவர்கள் குரங்கு வழி வந்தவர்கள் என்றும், நெகட்டிவ் உள்ளவர்கள் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள் என்றும் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் உண்மை உண்டா?

பெயர் வந்த வழி மட்டும் உண்மை. மற்றவை கட்டுக்கதை.

1939இல் பிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் நியூயார்க்கில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவருக்குக் குழந்தை இறந்து பிறந்தது. அதன் பின் கணவரின் ரத்தம் ஏற்றப்பட்டபோது, இருவருக்கும் ஏபிஓ வகை ஒன்றாக இருந்தும், கடுமையான எதிர்விளைவு ஏற்பட்டது. குழந்தை வழியாகத் தாயின் உடலில், அந்நியப் பொருளைத் தாக்கும் ஏதோ ஓர் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறது என்று அவர்கள் சரியாகவே ஊகித்தனர். ஆனால் அதற்குப் பெயர் சூட்டவில்லை. அடுத்த ஆண்டு லாண்ட்ஸ்டெய்னரும் அலெக்சாண்டர் வீனரும் ரீசஸ் குரங்கின் சிவப்பணுக்களை முயல்களுக்கும் கினிப் பன்றிகளுக்கும் செலுத்தி, அவற்றில் உருவான சீரத்தை மனித ரத்தத்துடன் கலந்து பார்த்தனர். நியூயார்க் வெள்ளையரில் ஏறத்தாழ 85 சதவீதத்தினரின் ரத்தம் அந்தச் சீரத்தில் திரண்டது. ரீசஸின் முதல் எழுத்துகளைக் கொண்டு ஆர்ஹெச் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த விலங்குச் சீரம் கண்டுபிடித்தது இன்று நாம் பாசிட்டிவ் என்று சொல்வதற்குக் காரணமான டி ஆன்டிஜெனை (சிவப்பணுவின் மேலுள்ள அடையாளப் பொருளை) அன்று. அதற்கு அருகே உள்ள வேறொரு புரதத்தை அது பற்றியிருக்கிறது. அந்தப் புரதம் டி உள்ள சிவப்பணுக்களில் கூடுதலாக இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று தோன்றிவிட்டது. தவறு பிற்பாடு தெளிவாயிற்று. அந்த வேறு ஆன்டிஜெனுக்கு லாண்ட்ஸ்டெய்னர், வீனர் இருவரின் பெயர்களின் முதலெழுத்தையும் சேர்த்து எல்டபிள்யூ என்று பெயரிட்டார்கள். ஆனால் அதற்குள் ஆர்ஹெச் என்ற சொல் உலகெங்கும் மருத்துவமனைச் சீட்டுகளில் ஏறிவிட்டதால் மாற்றவில்லை. ஆகவே உங்கள் ரத்த அட்டையில் உள்ள பாசிட்டிவுக்கும் ரீசஸ் குரங்குக்கும் பெயரளவு உறவைத் தவிர வேறு தனி உறவு கிடையாது.

இப்போது நெகட்டிவ். ஆர்ஹெச் ஆன்டிஜென்களுக்கு மனிதரிடம் 1ஆம் குரோமோசோமில் அருகருகே இரண்டு மரபணுக்கள் உள்ளன. ரீசஸ் போன்ற குரங்குகளிடம் ஒன்றுதான் உண்டு. மனிதன், சிம்பன்சி, கொரில்லா ஆகியோரின் பொது மூதாதையில் அது இரட்டித்தது. டி ஆன்டிஜெனை உண்டாக்கும் மரபணு அப்படி வந்ததே. நெகட்டிவ் உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் அந்த மரபணு முழுவதுமாக விடுபட்டுப் போயிருக்கிறது. எனவே அவர்கள் வேற்றிடத்திலிருந்து எதையோ கொண்டுவந்தவர்கள் அல்லர்; எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒன்றை இழந்த முன்னோரின் வழிவந்தவர்கள். இந்தியாவில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் நெகட்டிவ் உள்ளவர்கள். அவர்களுடைய மற்ற ஆயிரக்கணக்கான மரபணுக்கள் பக்கத்து வீட்டுக்காரருடையவை போன்றவையே.

சிம்பன்சி பற்றிக் கேட்ட சிறுமிக்காக ஒரு வரி: மனிதரின் டியை ஒத்த ஆன்டிஜென் சிம்பன்சிகளிடமும் காணப்படுகிறது. ஆனால் அவற்றுக்கு ஆர்-சி-இ-எஃப் என்று தனி வகைமுறையே வகுத்திருப்பதால், பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற நம் சொற்களை அப்படியே அவற்றின் மேல் ஏற்றுவது பொருந்தாது.

நெகட்டிவ் வகைத் தாய்மார்கள் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள், டிக்கு எதிரான பொருள் தாயின் உடலில் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தின் 28ஆம் வாரத்திலும் ஒன்று பரிந்துரைக்கப்படுகிறது. அடுத்த குழந்தையைக் காப்பது அதுதான்.

தாம்பரம், கல்லூரி மாணவி: ஓ வகைதான் ஆதி மனிதனின் ரத்தம், ஆகவே ஓ வகையினர் இறைச்சி உண்ண வேண்டும் என்கிறார்களே?

ஓ என்பது தொடக்கம் அன்று, பழுது. ஏ வடிவ மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டு, நொதி வேலை செய்யாமல் போனதால் வந்ததே மனிதரில் மிகப் பரவலான ஓ வடிவம். ஸ்பெயினின் எல் சித்ரோன் குகையில் கிடைத்த நியாண்டர்தால் எலும்புகளின் டிஎன்ஏவிலும் அதே விடுபாடு இருந்தது. சிம்பன்சியின் ஓ வேறு வகைப் பழுதால் தனியே வந்தது. இந்தச் சான்றுகளுக்கு முன்னால், ரத்த வகை பார்த்து உணவு வகுக்கும் கதைக்கு அடித்தளமே இல்லை. இறைச்சி பிடித்தால் உண்ணுங்கள். ரத்தத்தின் மேல் பழி போட வேண்டாம்.

அடையாறு வாசகர்: ஐஐடி வளாகத்தில் திரியும் நாட்டுக் குரங்கு ஒன்றின் ரத்தத்தை எடுத்து, மனிதர்களுக்குச் செய்வது போலவே பரிசோதித்தால் என்ன வகை என்று வரும்?

தவறான விடை வரும். ரத்த வங்கியில் உங்கள் ரத்தத் துளிகளின் மேல் நீல நிற ஆன்டி-ஏ, மஞ்சள் நிற ஆன்டி-பி என்னும் சோதனைத் திரவங்களை விட்டு, எதில் சிவப்பணுக்கள் திரள்கின்றன என்று பார்ப்பார்கள். குரங்கின் ரத்தம் பெரும்பாலும் இரண்டிலும் திரளாது. பார்ப்பவர் ‘ஓ’ என்று எழுதிவிடுவார். ஆனால் நாட்டுக் குரங்கும் ரீசஸும் அடங்கிய மக்காக் இனக்குழுவில் உண்மையான ஓ வகை அரிது. ரீசஸ் குரங்குகளில் பி வகையே மிகுதி.

காரணம், இக்குரங்குகளின் ஏ, பி பொருள்கள் சிவப்பணுக்களின் மேல் அநேகமாக இருப்பதில்லை. உமிழ்நீரிலும் குடலின் உட்சுவரிலும் பிற திசுக்களிலும் இருக்கின்றன. ஆகவே உமிழ்நீரைச் சோதித்தும், சீரத்தில் எந்த எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பார்த்தும்தான் அவற்றின் வகையைக் கண்டறிய வேண்டும். பி வகைக் குரங்கின் சீரத்தில் ஏக்கு எதிரான பொருள் இருக்கும். இந்த விதி மனிதருக்கும் அவற்றுக்கும் பொது. மனிதரிலும் ஐந்தில் நான்கு பேர் அளவில் ஏ, பி பொருள்களை உமிழ்நீரில் சுரக்கிறார்கள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பரிணாமத்தில் உமிழ்நீரும் குடலும் முந்தியவை, சிவப்பணு பிந்தியது. வாலில்லாக் குரங்குகளின் கிளையில், ஹெச் பொருளை உண்டாக்கும் மரபணுவுக்குள் அலு என்னும் டிஎன்ஏ துண்டு ஒன்று செருகிக்கொண்டது. அதன் பிறகே அம்மரபணு சிவப்பணுக்களை உருவாக்கும் செல்களிலும் வேலை செய்யத் தொடங்கியது என்று கருதுகிறார்கள். ரத்த வகை என்று நாம் அழைப்பது உண்மையில் குடலின் வகை; தாமதமாக ரத்தத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பாம்பே ரத்த வகை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒய்.எம். பெண்டேயும் அவருடைய குழுவினரும் 1952இல் பம்பாயில் கண்டறிந்து வெளியிட்ட அந்த வகையில், சிவப்பணுவிலும் உமிழ்நீரிலும் ஹெச் பொருள் கிடையாது. இந்தியாவில் பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில் காணப்படுகிறது. அதன் உறவான பாரா-பாம்பே வகையில் சிவப்பணுவில் ஹெச் அற்றும் உமிழ்நீரில் அது இருந்தும் காணப்படும். நாட்டுக் குரங்கின் இயல்பு நிலை இந்தப் பாரா-பாம்பேயை ஒத்தது. மனிதருக்கு அரிதாக நேர்வது குரங்குக்கு வழக்கம்.

இன்னொன்று: கேள்வி நன்று, செய்முறை வேண்டாம். குரங்குக் கடிக்கு வெறிநாய்க்கடி ஊசியைத்தான் போட வேண்டியிருக்கும்.

திருவல்லிக்கேணி வாசகர்: சிம்பன்சிக்கும் மனிதருக்கும் ஏ வகை ஒன்றுதான் என்றால், அவசரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாமா?

கூடாது. மேலே 1925ஆம் ஆண்டின் இரண்டாவது முடிவை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஏ, பி என்பவை சிவப்பணுவின் மேல் உள்ள நூற்றுக்கணக்கான அடையாளங்களில் இரண்டு மட்டுமே. மற்றவற்றில் சிம்பன்சியின் சிவப்பணு நமக்கு அந்நியமானது. அவற்றுள் முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். செல்களின் மேல் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை உண்டு. சிம்பன்சி உட்படப் பெரும்பாலான பாலூட்டிகளிடம் ஒரு நொதி அதனுடன் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து வேறு வடிவமாக்குகிறது. மனிதக் கிளையில் ஏறத்தாழ 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த நொதியின் மரபணு பழுதாகிவிட்டது. அதனால் அந்த மாற்று வடிவத்துக்கு எதிரான பொருள்கள் நம் ரத்தத்தில் உண்டு. சிம்பன்சியின் சிவப்பணுக்களோ அதைச் சுமந்துகொண்டே வரும்.

உறுப்புகளில் முயற்சி நடந்திருக்கிறது. 1963, 64ஆம் ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸில் கீத் ரீம்ட்ஸ்மா சிம்பன்சியின் சிறுநீரகங்களை நோயாளிகளுக்குப் பொருத்தினார். அவர்களில் ஒருவர் ஒன்பது மாதங்கள் வாழ்ந்தார். 1984இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில், ‘பேபி ஃபே’ என்று செய்திகளில் அழைக்கப்பட்ட பச்சிளங்குழந்தைக்குப் பாபூன் குரங்கின் இதயம் பொருத்தப்பட்டது. குழந்தையின் ரத்தம் ஓ வகை. பாபூன்களில் ஓ வகை மிக அரிது என்பதால் பொருத்தமில்லாமலே செய்ய வேண்டியதாயிற்று. குழந்தை மூன்று வாரங்களில் இறந்தது.

தொற்று பற்றிய அச்சமும் சிறிதன்று. இன்று உலகை வாட்டும் எய்ட்ஸ் கிருமியான ஹெச்ஐவி-1, மத்திய ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளின் வைரஸிலிருந்தே மனிதருக்கு வந்தது.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: 2 கோடி ஆண்டுகளாக ஏயும் பியும் அழியாமல் ஏன் தொடர்கின்றன? இயற்கை ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதை விட்டிருக்க வேண்டாமா?

இத்தொகுப்பில் வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கிருமிகள்தாம் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். குடல் சுவரில் உள்ள இச்சர்க்கரைகளைப் பிடித்துக்கொண்டே சில கிருமிகள் உள்ளே நுழைகின்றன. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் அவற்றில் ஒன்று. ஒரு வகை பெருகினால் அதைப் பற்றும் கிருமியும் பெருகும். அப்போது அரிதான வகைக்கு நன்மை. பின்னர் நிலை மாறும். இந்த இழுபறியில் எதுவும் முழு வெற்றி பெறாது. ஓ வகையினருக்கு மூளையைத் தாக்கும் கடும் ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு உண்டு. நோயுற்ற சிவப்பணு மற்ற சிவப்பணுக்களை ஒட்டிக்கொண்டு நுண் குழாய்களை அடைப்பது அவர்களிடம் குறைவு. ஆனால் அதே ஓ வகையினரைக் காலரா கடுமையாகத் தாக்குகிறது. ஒன்றில் பெற்றதை இன்னொன்றில் இழக்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான வைவாக்ஸ் மலேரியாவையும் இதில் சேர்க்கலாம். அந்தக் கிருமி சிவப்பணுவுக்குள் புக டஃபி என்னும் வேறொரு ரத்த வகைப் புரதத்தைத் தேடுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் டஃபி இல்லை. அங்கே வைவாக்ஸும் அரிது. மக்காக் குரங்குகளின் நோலெசி மலேரியாவும் மனிதச் சிவப்பணுவுக்குள் புக இதே வாசலைத்தான் பயன்படுத்துகிறது. 1932இல் கல்கத்தாவில் ராபர்ட் நோல்ஸும் தாஸ் குப்தாவும் அதைக் குரங்கிலிருந்து மனிதருக்கு ஏற்றிக் காட்டினார்கள். கிருமியின் பெயர் நோல்ஸின் பெயரால் வந்தது. இன்று மலேசியக் காடுகளை ஒட்டி வாழ்பவர்களை அது இயல்பாகவே தாக்கிவருகிறது.

அண்ணா நகர் வாசகர்: எங்கள் வீட்டுப் பூனைக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னார், பூனைக்கும் ஏ, பி, ஏபி உண்டு என்றார். இதுவும் அதே மூதாதைச் சொத்தா?

இல்லை. ஒரே இனிஷியல் உள்ள இருவர் உறவினராகிவிட மாட்டார்கள். பூனையின் ஏ, பி வகைகளுக்கும் நம்முடையவற்றுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரு சுவையான செய்தி உண்டு: பூனையின் வகையைத் தீர்மானிப்பது, மனிதரிடம் பழுதாகிவிட்டதாகத் திருவல்லிக்கேணி வாசகருக்குச் சொன்ன அந்தச் சயாலிக் அமில நொதிதான். நொதி வேலை செய்யும் பூனை ஏ, செய்யாதது பி. பி வகைப் பூனைகளின் ரத்தத்தில் ஏக்கு எதிரான வலுவான எதிர்ப்பொருள் இயல்பாகவே இருப்பதால், முதல் முறை ஏற்றும்போதே தவறான ரத்தம் உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே இரு பூனைகளின் வகையையும் பரிசோதித்து, பொருத்தமும் பார்த்த பிறகே ஏற்றுமாறு மருத்துவரிடம் சொல்லுங்கள்.